வெள்ளிக்கிழமை மலிவு டிக்கெட்

என் மகன் போலந்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். மகளைக் கட்டிக்கொடுத்தது பெல்ஜியத்தில். நான் மட்டும் பர்மாவில், யாங்கோனின் தாகேதா பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில். வீட்டுக்காரி இறந்து வருடம் திரும்பப் போகிற வாரம் மகன் போன் பண்ணினான்.

“அம்மா திதிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன் ப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து படைக்கிறோம்.”

அந்த நாடுகளில் ரயில் கட்டணம் கொள்ளை. அவன் மெனக்கெட்டு வழி கண்டுபிடித்திருந்தான். இரண்டு மாதம் முந்தியே டிக்கெட் எடுத்துவிட்டான், அதனால் கால் பங்கு விலை. எல்லை ஊர் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து ஜெர்மனிக்கு வேறு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் இன்னும் குறையுமாம். நேராகப் போவதைவிட ஹாலந்து பக்கம் சுற்றிப் போவது மலிவாம். சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. அவன் சொல்லச் சொல்ல, நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாடு தாண்டுவது போலிருந்தது. ஒரே ஒரு கஷ்டம், மலிவு டிக்கெட்டில் நாளை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது.

“என்னைக்குக் கிளம்புறே?”

“வெள்ளிக்கிழமை காலையில ப்பா.”

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது. போன வருடம் வீட்டுக்காரியை இங்கிருந்து மேற்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அவசரத்தில் சூலம் பார்க்கவில்லை. அவள் திரும்பி வரவில்லை.

“வெள்ளி வேண்டாம்யா. சனிக்கிழமை போ.”

“டிக்கெட் வீணாப் போயிடும் ப்பா.”

“போனாப் போவுது. அப்பா சொன்னாக் கேளு.”

சொன்னபடி கேட்டான். சனிக்கிழமைக்குப் பார்த்தால் விலை நாலு மடங்கு. சின்னச் சின்ன வண்டியாக மாறிப் போனால் ஞாயிறு பொழுது சாய்ந்துதான் சேர முடியும். திதியே ஞாயிறுதான். திங்கள் காலை வேலை வேறு. பயணத்தையே விட்டுவிட்டான்.

“யாத்தே ப்பா,” என்றான். பரவாயில்லை என்பதைப் பர்மா பாஷையில் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஞாயிறு காலை கோயில் பூசாரி வந்து திதி கொடுக்கவைத்தார். இலையில் உட்கார்ந்தவர், பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படைக்கிறார்களா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பிசைந்த கை நின்றுவிட்டது.

“ஏண்ணே, வெள்ளி தவறாம கோயிலுக்கு வர்ற ஆளு நீங்க. மேக்க சூலம்னா ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுப் போகச் சொல்றதுதானே?”

எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்றைக்குப் போனில் பேசும்போது அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. முருகன் ஏன் அந்த ஒரு வார்த்தையை என் நாக்கில் வைக்கவில்லை என்று இன்றுவரை கேட்கிறேன்.

பூசாரி போனபிறகு எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். அங்கே அப்போது மத்தியானம். மாப்பிள்ளை டியூட்டிக்குப் போய்விட்டார்.

“அண்ணன் வரும்னு வாங்கின உளுந்தையெல்லாம் வடைக்கு ஊறப் போட்டுட்டேன் ப்பா.”

மகனும் அதே அழைப்பில் இருந்தான். அவன் அறையில் அம்மா படத்துக்கு முன்னால் நாலு பிஸ்கட் வைத்திருந்தான்.

“வெல்லம் தின்னுட்டுப் போகச் சொல்லியிருக்கணும்யா,” என்றேன்.

“இங்க வெல்லத்துக்கு நான் எங்க ப்பா போவேன்?” என்று சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை. “சீனி வச்சிருப்பேல்ல. அதைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்ல.”

நான் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரும் போனை வைக்கக்கூடாது என்றாள் மகள்.