மணி அடிக்காத இரண்டு நாள்

மாத்திரை வேளையை மணியடித்து நினைவூட்டும் ஆப் ஒன்றை எழுதியவள் ரெனீ. தெங்கேராவில் ஒரு சின்ன ஆபிசில் அவளுக்கு வேலை. போன மாதம் அவள் செய்த ஒரு மாற்றத்தால் பழைய போன்கள் சிலவற்றில் மணி அடிக்காமல் போனது. நியாலாஸில் தையல்கடை வைத்திருக்கும் விஜயராணிக்கு வலிப்பு மாத்திரை இரண்டு நாள் தவறியது. மூன்றாம் நாள் தையல் மெஷின் முன்னாலேயே விழுந்துவிட்டார்.

அவர் மகள் அனுப்பிய புகாரைப் படித்ததும் ரெனீ அதை மேனேஜரிடம் காட்டினாள்.

"பழைய போன்லா, மாத்தச் சொல்லிப் பதில் போடு," என்றார் மேனேஜர் ரெஜினால்ட்.

"போன் மேல தப்பில்ல சார். பழைய போன்ல நான் சோதிச்சே பாக்கல."

அன்றே தவறைச் சரிசெய்தாள். மறுநாள் சனிக்கிழமை, காரை எடுத்துக்கொண்டு நியாலாஸுக்குப் போனாள். விஜயராணி நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா மறந்துட்டேன். வயசாகுதில்ல."

"நீங்க மறக்கல ஆன்ட்டி. மணி அடிக்கல. அத எழுதுனவ நான்தான்."

"என் மூளைதான் கெட்டுப்போச்சுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்," என்றார் விஜயராணி. பிறகு, "மத்தவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

ரெனீ அங்கிருந்தே ஆபிசுக்குப் போய், பழைய போன் வைத்திருந்த அறுபத்தொரு பேரையும் ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தாள். சிலர் திட்டினார்கள். சிலருக்கு மணி நின்றதே தெரியவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஞாயிறு மத்தியானம்தான் உறுதியானது. கடைசி இருபது பேரை அழைத்தவர் ரெஜினால்ட்.