கதவு இருந்த சுவரில் ஓர் அடுப்பு

என் அறைக் கதவை நானேதான் அழித்தேன். அதற்கு உளியோ சுத்தியலோ தேவைப்படவில்லை. வாழைச்சேனையில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கணினியில் எங்கள் வீட்டு ஹோலின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மவுஸால் மெல்ல மெல்லத் தேய்த்தேன். பக்கத்துச் சுவரின் நிறம் வந்து கதவின்மேல் படிந்தது. பத்து நிமிடத்தில் கதவு இல்லை. பிறகு அதே இடத்தில் அடுப்பு வரைந்தேன்.

அடுப்பென்றால் சோறு ஆக்குகிற அடுப்பு இல்லை. குளிர் நாடுகளில் ஹோலுக்குள் செங்கல்லால் கட்டி, விறகு எரித்துக் குளிர்காய்வார்களே, அது. சுவிசில் இருக்கும் என் தங்கை அதை ‘பயர் பிளேஸ்’ என்றாள். சித்தாண்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். மார்கழி மழையிலும் மின்விசிறியை நிற்பாட்டாத வீடு அது. சித்திரையில் மேற்குச் சுவரில் சாய முடியாது, முதுகு சுடும்.

“சும்மா அழகுக்குத்தான் அக்கா” என்றாள் தொலைபேசியில். “நெருப்பு மூட்டப் போறல்ல. உள்ளுக்கு ஒரு சிவப்பு பல்ப் போட்டா எரியிற மாதிரித் தெரியும். நீங்க கொம்பியூட்டர்ல வரைஞ்சி குடுங்க, மேசன் அதப் பார்த்துக் கட்டட்டும்.”

அம்மா பின் வளவில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“ஹோலுக்குள்ள அடுப்பா? அப்ப குசினிய என்ன செய்யிற?”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா மறுபடி மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டு, “அவள்ட ஊடு. அவள் விரும்பினபடி செய்யட்டும் மனே” என்றார். எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்தவளுக்குத் தாய் இருக்கிற வீடு, அடுத்தவளுக்கு வளவில் இன்னொன்று. நான் மூத்தவள். அப்பா இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியதே எனக்கென்றுதான். ஜன்னலுக்கு என்ன நிறம் பூசுவது என்றுகூட என்னைத்தான் கேட்டார். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் கல்யாணம் பேசி இரண்டும் பேச்சோடு போயிற்று. இடையில் அப்பா செத்துப்போனார். தங்கைக்குச் சுவிஸ் மாப்பிள்ளை பொருந்தியபோது அவர்கள் வீடு கேட்டார்கள். இருந்தது ஒரு வீடுதான். அம்மா அதை அவளுக்கு எழுதினார். நொத்தாரிசு கந்தோரில் அந்த உறுதிப் பத்திரத்தில் சாட்சியாக நானும் ஒப்பமிட்டேன். வெளியே வந்ததும் தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

“நீங்க இரிக்கிற காலம் வரைக்கும் இது உங்கட ஊடுதான் அக்கா.”

நம்பினேன். மடைச்சி.

ஸ்டூடியோவில் என் வேலை முகப்பருவை அழிப்பது, தோலை வெளுப்பாக்குவது, கல்குடாக் கடற்கரையில் எடுத்த கல்யாணப் படத்தின் பின்னால் கிடக்கிற போத்தல்களை மறைப்பது. இவற்றையெல்லாம் யாரும் செய்வார்கள். என்னைத் தேடி ஆட்கள் வருவது வேறொன்றுக்காக. குடும்பப் படத்தில் இல்லாதவர்களை நான் சேர்த்துக் கொடுப்பேன். செத்துப்போன தகப்பனை அடையாள அட்டையில் இருந்து எடுத்து, கோட்டுப் போட்டு, மகளின் கல்யாணப் படத்தில் நிறுத்துவேன். கட்டாரில் இருக்கிற மகனைத் தாயின் பக்கத்தில் இருத்துவேன். தோள் விளிம்பை மென்மையாக்க வேண்டும், காலடியில் நிழல் போட வேண்டும். நிழல் போட மறந்தால் ஆள் தரையில் நிற்கமாட்டார், அந்தரத்தில் தொங்குவார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு.

இவ்வளவும் செய்கிறவளுக்கு ஓர் அடுப்பு வரைவது பெரிய காரியமா? மதில் கட்டி மிஞ்சிய செங்கல்லில் ஒன்றை வெயிலில் வைத்துப் படம் எடுத்தேன். அந்த ஒரு கல்லையே படியெடுத்துப் படியெடுத்து அடுக்கினேன். மேலே பலகைத் தட்டு, உள்ளே இருட்டு, இருட்டுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம். ஜன்னல் பக்கத்து வெறுஞ்சுவரில் அதைப் பொருத்தி அனுப்பினேன். தங்கைக்குக் கூர்மையான கண்.

“எல்லாக் கல்லிலயும் ஒரே மூலை உடைஞ்சிரிக்கே அக்கா!”

மேசனிடம் காட்டினேன். ஏறாவூர் முஸ்லிம், வயதானவர்; அண்ணா என்கிற முறையில் ‘நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வேறொன்றைக் கண்டார். “கல்லுக்கு நேரா மேல கல்லு வெச்சா வெடிச்சிரும் தங்கச்சி. பொருத்து மாறி மாறி வரணும்.” இருவர் சொன்னதையும் திருத்தினேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கல்லுக்குக் கல் நிறம் மாற்றினேன், சாந்துக்குக் கொஞ்சம் அழுக்குச் சேர்த்தேன். யாருடைய வீட்டை அலங்கரிக்கிறேன் என்பதை ஒரு கிழமைக்கு மறந்தே போனேன்.

மறுபடி அனுப்பியபோது தங்கை வீடியோவில் வந்தாள். நான் வழக்கம்போல என் கட்டிலில் இருந்தேன். பின்னால் என் ஜன்னலின் நீலத் திரை. அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தார்.

“அச்சா வடிவு அக்கா. ஆனா அந்தச் சுவர் வேணாம். வாசலுக்கு நேர இரிக்கிற சுவர்ல வைங்க. உள்ள வந்த உடன ஆக்கள்ட கண்ணில படணும்.”

“அதில கதவு இரிக்கே” என்றேன்.

“எந்தக் கதவு? ஆ, அந்தச் சாமான் அறையா? அது சும்மாதானே கிடக்கு.”

அவள் கல்யாணம் முடித்துப் போகும்போது அது சாமான் அறைதான். நெல் மூட்டையும் பழைய கதிரைகளும் கிடந்தன. அவள் போன பிறகு பெரிய அறையை அம்மா அவளுக்கென்று பூட்டி வைத்தார். நான் மூட்டைகளை நகர்த்திவிட்டு அதற்குள் கட்டில் போட்டேன். பதினொரு வருடமாகிறது. பதினொரு வருடமாக அந்தக் கட்டிலில், அந்த நீலத் திரைக்கு முன்னால் இருந்துதான் அவளோடு பேசுகிறேன். இது எந்த இடம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“அது என் அறை” என்று நான் சொல்லியிருக்கலாம், மூன்று சொல். சொல்லவில்லை. வீட்டையே விட்டுக் கொடுத்தவள் ஓர் அறைக்காக வாய் திறந்து கெஞ்ச வேண்டுமா என்ற வீம்பு. அம்மா சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டில் விரிப்பின் மடிப்பைக் கையால் நீவினார்.

“பின் பக்கத்தால ஒரு கதவு வெச்சாச் சரிதானே மனே” என்றார்.

என்னைப் பார்த்துச் சொன்னாரா, திரையைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் மத்தியானம் கதவை அழித்தேன். கோபத்தில் வேலை சுத்தமாக வந்தது. அங்கே ஒரு கதவு இருந்தது என்று என் முதலாளியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மேசன் வேலை தொடங்கிய அன்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“புகை எங்கால போறது தங்கச்சி?”

“புகை வராது நானா. பல்ப்தான் போடுற.”

“அப்ப இது என்னத்துக்கு?”

“அழகுக்கு.”

அவர் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில், கொடியில் என் உடுப்புகள், மேசையில் சீப்பு, கண்ணாடி. “இதுக்குள்ள ஆள் இரிக்கிற போல?”

“நான்தான் இரிக்கிறன்.”

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின் சுவரை உடைத்து வளவுப் பக்கம் ஒரு கதவு வைத்துக் கொடுத்தார். யாரும் சொல்லாமலே அதற்குமேல் ஒரு தகரமும் இறக்கினார், மழைக்கு. இந்தக் கதை முழுவதிலும் என்னைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த மாரியில், ஹோலில் இருந்து என் அறைக்குப் போக நான் குடை பிடித்துக்கொண்டு குசினி வழியாக வீட்டைச் சுற்றிப் போனேன்.

ஆடி விடுமுறைக்குத் தங்கை குடும்பத்தோடு வந்தாள். வாசலில் கால் வைத்ததும் அடுப்பைப் பார்த்துக் கைதட்டினாள். பிள்ளைகள் சிவப்பு பல்ப்பை நூறு தரம் போட்டு நூறு தரம் அணைத்தார்கள். போவதற்கு முதல் நாள் குடும்பப் படம் எடுப்பதென்று முடிவானது. அடுப்புக்கு முன்னால் கதிரை போட்டு அம்மாவை இருத்தினார்கள். பின்னால் தங்கையும் மச்சானும், இரண்டு பக்கமும் பிள்ளைகள். நானும் மாற்றிக் கட்டிய சேலையோடு வந்தேன்.

“அக்கா, நீங்களே எடுங்க. உங்களுக்குத்தானே நல்லா எடுக்க வரும்.”

எடுத்தேன். ஆறு படங்கள். இப்போது மச்சான் வந்து கமராவை வாங்குவார், நான் போய் நிற்கலாம் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து பல்ப்பை அணைத்தார். பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள்.

“உங்களப் பிறகு அதுக்குள்ள சேர்த்திருங்க அக்கா” என்றாள் தங்கை, அம்மாவைக் கதிரையில் இருந்து எழுப்பியபடி. “உங்களுக்கு அது லேசான வேலைதானே.”

அவர்கள் போன பிறகு ஸ்டூடியோவில் படத்தைத் திறந்தேன். அம்மாவின் வலப் பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. என் படம் ஒன்றை எடுத்து, வெட்டி, தோள் விளிம்பை மென்மையாக்கி, காலடிக்கு நிழலும் போட்டேன். அச்சொட்டாகப் பொருந்தியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இதுவரை சேர்த்தவர்கள் எல்லாரும் வந்து நிற்க முடியாதவர்கள். செத்தவர்கள், கடல் கடந்தவர்கள். நான் அந்தப் படத்துக்கு ஆறடி தூரத்தில் சேலை கட்டிக்கொண்டு நின்றவள். என்னை அழித்துவிட்டு, எடுத்தபடியே அனுப்பினேன். கேட்பாள், கேட்டால் இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து வீடியோவில் வந்தாள். படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு, தன் வீட்டு அடுப்புக்குமேல் மாட்டியிருந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள்.

“பாருங்க அக்கா, எல்லாரும் இரிக்கிறம்.”

பார்த்தேன். “ஓம், நல்லா இரிக்கு” என்றேன்.