கைகாட்டி திரும்பிப் பார்த்த நாள்

பழைய நகரத்துத் தெருக்களில் இருக்கும் சுவரோவியங்களையும் சிலைகளையும் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. எல்லோரும் அவரைக் கைகாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். படம் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே கையை நீட்டுவார். விரல் சரியாகப் படத்தின் மூக்கு நுனியைக் காட்டும். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி நின்றே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? “கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தவற மாட்டேன்” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் போன வருஷத்திலிருந்து அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிந்தது. கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “மிச்சத்தக் காப்பாத்த மருந்து தர்றேன். ஆனா ஒரு நாள் அதுவும் போகலாம். வீட்ல சொல்லி வைங்க.”

சொன்னாரா? மூச்சு விடவில்லை.

“மறுபடியும் டம்ளரத் தட்டி விட்டாச்சா? கவனமெல்லாம் எங்க இருக்கு உங்களுக்கு?” என்று மனைவி கேட்டபோதுகூட, “வயசாகுதில்ல” என்று சிரித்து மழுப்பினார். சொன்னால் விஷயம் அலுவலகத்துக்குப் போகும், வேலை போகும். அப்புறம் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். எழுந்தால் யாராவது ஓடி வந்து முழங்கையைப் பிடிப்பார்கள். அந்தப் பிடியை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கியது. சாவுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை மனுஷன்.

அன்று காலை மேலாளரம்மா கூட்டத்தோடு வந்து நின்றார். “சும்மா உங்க கூட நடக்கலாம்னு வந்தேன் சார்.”

சும்மா யார் வருவார்கள்? கைகுலுக்க ஒருவர் நீட்டிய கையைப் போன வாரம் இவர் பார்க்காமலே போய்விட்டார். அது புகாராகியிருக்கும் என்று நினைத்தார்.

நாற்சந்தியில் வெண்கலக் குதிரை. அது நல்லபடியாக முடிந்தது. அடுத்த தெருவில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிள் இடுப்பில் இடித்தது. “இந்தச் சிற்பம் நேத்து வரைக்கும் இல்லையே” என்று சமாளித்தார். கூட்டம் சிரித்தது. மேலாளரம்மா சிரித்தாரா? கைகாட்டி அவர் முகத்தைத் தேடினார். ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது, யாருடைய பையோ கிடைத்தது, அந்த முகம் மட்டும் கிடைக்கவில்லை. எங்கிருந்தோ தன்னை அளந்துகொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தில் சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியது.

மூன்றாவது சந்து. கதவுகளுக்கு வர்ணம் பூசும் பட்டறை இருப்பதால் அங்கே எப்போதும் பெயின்ட் வாடைதான். அங்கேதான் மூன்று மாடி உயரத்துக்குச் சலவைக்காரி படம். குதிகாலில் சாக்கடை மூடி தட்டியதும் நின்று, தோளுக்கு மேல் கையை நீட்டினார்.

“இந்தம்மா கண்ணப் பாருங்க. தெருவுல எங்க நின்னாலும் உங்களத்தான் முறைப்பாங்க. வீட்டுக்காரிக்குப் பயந்து இங்க ஓடி வந்தவங்க யாராவது இருந்தா, பாவம், இங்கயும் தப்பிக்க முடியாது.”

இந்த இடத்தில் சிரிக்காத கூட்டத்தை அவர் கண்டதில்லை. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

ஈரத் துணி பிழியும் அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னார். விரல் இடுக்கில் ஓவியர் விட்டுவைத்த ஒற்றைச் சோப்பு நுரையைப் பற்றிச் சொன்னார். யாரும் இருமக்கூட இல்லை. என்ன தப்பு செய்தோம்? சந்து மாறி நிற்கிறோமா? கைகாட்டி பல வருஷங்களில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளை. கண்ணை அசைத்தார், வெள்ளை. கழுத்தைத் தூக்கினார், அங்கேயும் வெள்ளை. முகமில்லை, கையில்லை, ஒரு கோடுகூட இல்லை.

டாக்டர் சொன்ன நாள் வந்தேவிட்டது.

“போச்சு” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். “எனக்குக் கண்ணு போச்சு. கொஞ்சந்தான் மிச்சம் இருந்தது, அதுவும் போச்சு. ஒரு வருஷமா மறைச்சுட்டேன். யாராவது என் வீட்டுக்குச் சொல்லி விடுங்க.”

யாரோ பக்கத்தில் குந்தினார்கள். குழாய்க்குள் ஒரு முகம் வந்தது, மேலாளரம்மாவின் முகம். கம்மல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

“சார், சுவத்துக்கு வெள்ளை அடிச்சிருக்காங்க. வீட்டு ஓனர் மாறிட்டாராம், காலையிலதான் அடிச்சு முடிச்சிருக்காங்க” என்றார் அவர்.

கைகாட்டி வாய் திறந்தபடி அவரையே பார்த்தார். கண் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் முழுசாக வந்து சேர்வதற்குள், தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது உறைத்தது.

“உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்” என்றார் மேலாளரம்மா மெதுவாக. “வெறும் சுவத்துல படத்தக் காட்றாரே மனுஷன்னு எல்லாரும் அசந்துபோய் நின்னோம். எனக்கு அந்தம்மா தெரிஞ்சாங்க சார். நான் வந்ததே, புதுசா வர்ற ஆளுங்களுக்கு உங்களப் பாத்துக் கத்துக்கச் சொல்லலாம்னுதான்.”

மேலாளரம்மா அவரை எழுப்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதறவில்லை. கூட்டம் பின்னால் வர, முன்பக்கமாக நடந்தார். அடுத்த படம் இருக்கும் தெருமுனை வந்ததும் பழக்கத்தில் கை தானாக உயர்ந்தது, பாதியில் நின்றது.

“அது இன்னும் அங்க இருக்காம்மா?” என்று கேட்டார்.