ஆளுக்குப் பாதி

"ஒரு நாளாவது மாத்திரை விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல சார். என் பொண்ணு மேல சத்தியம்."

சத்தியம் பொய்யில்லை. அவள் ஒரு நாளும் விடவில்லை. பாதி மாத்திரை போட்டாள், அவ்வளவுதான். அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஐந்து வருடமாக அவள் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி கண்ணுக்கே அகப்படாமல் அடங்கிக் கிடந்தது. இப்போது எண்ணிக்கை பதினெட்டாயிரம். "உங்க மருந்துக்குக் கிருமி பழகிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு. எந்த மருந்து கேட்குது, எது கேட்கலன்னு பார்க்க ரத்தம் அனுப்பணும். மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். அனுபவித்தவள் அவள்.

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி வேலை. பதினோரு வருடம். அங்கே அவளுக்குப் பேர் சுடுபெட்டி. தொழிலுக்காகப் பாதி, வாய்க்காக மீதி. தலையணை உறை ஒன்றில் லேசாகக் கறை இருந்தாலும் சலவைக்காரனைக் கூப்பிட்டு, "இது உன் மூஞ்சியா, உறையா?" என்று கேட்பவள். வயிற்றில் பெண் இருந்தபோது நடந்த பரிசோதனையில்தான் அவளுக்கும் புருஷனுக்கும் நோய் இருப்பது தெரிந்தது. ஒப்பாரி வைக்கவில்லை. மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். பெண் நோயில்லாமல் பிறந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு, அம்மாவைவிட வாய் நீளம்.

அப்படிப்பட்டவள் இந்த மூன்று வாரத்தில் இரண்டு மேஜை விரிப்பைப் பொசுக்கினாள். மேஜையருகே நிற்பாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வருவாள். துணி மடிக்கும் தோழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கால்ல சக்கரம் கட்டிருக்கியாடி?"

"உன் வாயில கட்டுறேன், அப்பவாவது தூரமா உருண்டு போகும்."

தோழி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். புருஷன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவன். எட்டு மாதத்துக்கு முன் சிகிச்சை மையத்து வாசலில் புது வாட்ச்மேன் வந்தான். பார்த்தால் அவர்கள் குடியிருக்கும் வீட்டு ஓனரின் மச்சான். புருஷன் அன்றைக்கு வண்டியைத் திருப்பியவன்தான், பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அவளுக்கு அந்த வம்பு இல்லை. முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு, வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நுழைந்துவிடுவாள். ஆனால் ஆள் வராமல் புருஷனுக்கு மருந்து தர மாட்டோம் என்றார்கள். "வெளியூர்ல வண்டி ஓட்டுறார், அங்கேயே வாங்கிக்கிறார்" என்று அவிழ்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் தன் மாத்திரையைக் காய் நறுக்கும் பலகையில் வைத்து இரண்டாக வெட்டினாள். அது எங்கே சமமாக உடைகிறது? பெரிய துண்டை அவனுக்குக் கொடுத்தாள். அந்த வீட்டில் எதையும் அப்படித்தான் பங்கு வைத்துப் பழக்கம். இல்லாததற்குப் பாதி மேல் என்று நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மாத்திரையில் இருந்த மூன்று மருந்தில் இரண்டு இனி அவளுக்கு வேலை செய்யாது.

ஆலோசகர் சின்னப் பெண். புது மாத்திரைகளை மேஜையில் வைத்தாள். "பயப்படாதீங்க அக்கா, இது வேற மருந்து, நல்லா கேட்கும். காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு. ஆனா பழசு ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம இதைக் குடுத்தா இதுவும் கெட்டுடும். அதுக்கு அப்புறமும் மருந்து இருக்கு, ஆனா வழி குறுகிட்டே போகும்."

காலையில் இரண்டு. ஆளுக்கு ஒன்று. மனசு தானாகக் கணக்குப் போட்டதும் அவளுக்கே பகீரென்றது.

"வெட்டிக் குடுத்தேம்மா," என்றாள். "எட்டு மாசமா. அவருக்குப் பாதி."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, திருப்பித் திட்டியிருக்கலாம். "முழுசா அடிச்சா கிருமி அடங்கிடும் அக்கா. அரைகுறையா அடிச்சா அடி வாங்கியே பழகிடும்."

சூடு பத்தாத பெட்டியால் தேய்த்தால் சுருக்கம் போகாது, சுருக்கமே மடிப்பாகப் பதிந்துவிடும். இது அவளுக்குத் தெரியாததா? பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்கிற பாடம்.

"அவரைக் கூட்டிட்டு வாங்க. அவருக்குள்ளயும் இதேபோலப் பழகியிருக்கலாம். வெள்ளிக்கிழமை பத்து மணி."

மறுநாள் காலை அவன் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினான். அவள் இரண்டையும் முழுசாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு அங்க இருக்கு. போய் வாங்குங்க."

"அந்த வாட்ச்மேன் பார்த்தா ஊரே சிரிக்கும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான்."

"சொன்னா வேற வீடு பார்க்கலாம். வேற உடம்பு எங்க பார்க்கிறது?"

"அப்போ நான் செத்தா பரவாயில்லையா?"

"சாகறதுக்கு வெட்கமில்ல, வரிசையில நிக்கத்தான் வெட்கமா? நான் குடுத்த பாதி உங்களக் காப்பாத்தலைங்க. ரெண்டு பேரையும் கெடுத்திருக்கு."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் தட்டு வைத்தாள், சாப்பிட்டான். அவள் மட்டும் ஒரே அலமாரியை மூன்று தரம் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை அவள் மையத்தில் காத்திருந்தாள், பத்தே கால் வரை அவனைக் காணோம். பத்தரைக்கு ஒருவன் ஹெல்மெட் போட்டபடியே வரிசையில் வந்து நின்றான். சட்டையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தேய்த்த சட்டை.

வாட்ச்மேன் நேராக வந்தான். "ஹெல்மெட்டக் கழட்டுங்க. உள்ள போட்டுட்டுப் போகக் கூடாது."

அவன் அசையவில்லை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒளிய வந்தவனை மொத்தக் கூட்டமும் பார்த்ததுதான் மிச்சம்.

"கழட்டுங்க," என்றாள் அவள். "வேர்த்து ஊத்துது."

கழற்றினான். வாட்ச்மேன் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அண்ணே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு, "டோக்கன் அந்த ஜன்னல்ல," என்று கையைக் காட்டிவிட்டு வாசலுக்குப் போனான். மாலைக்குள் ஓனர் காதுக்குப் போகுமா போகாதா, யாருக்குத் தெரியும்.

உள்ளே நர்ஸ் அவன் கையில் நரம்பு தேடினாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இன்றைக்கே அவனுக்கென்று மருந்து தருவார்களாம், முழுசாகப் போட வேண்டுமாம். எது கேட்கும், எது கேட்காது என்பது இந்த ரத்தம் போய் வந்தால்தான் தெரியும். அவளைவிட மோசமாகவும் இருக்கலாம்.

"உக்காருங்க அக்கா, எவ்வளவு நேரம் நடப்பீங்க?" என்றாள் நர்ஸ்.

"நான் உக்காந்தா ரிசல்ட் சீக்கிரம் வந்துருமா?"

கதவுக்கும் ஜன்னலுக்குமாக அவள் நடந்துகொண்டே இருந்தாள்.