அமாவாசையில் வீடு காட்டியவர்

சாந்தமேரி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் அவருடைய காரில், ஜெபமாலை தொங்கும் கண்ணாடிக்குக் கீழே, ஓர் இந்து நாள்காட்டி செருகியிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் பூஜைச் சாமான் விற்கும் கடையில் வருடந்தோறும் வாங்குவார். ராகு காலமும் எமகண்டமும் அவருக்குப் பொருட்டில்லை. அவருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் தெரிந்தால் போதும்.

கிள்ளானில் வீடு விற்கிறவர்களுக்கு இது தொழில் சங்கதி. பண்டமாரானை ஒட்டிய தாமான்களில், அதாவது தாழ்வான குடியிருப்புகளில், அந்த நாட்களிலும் மறுநாளும் மாலை நேரத்தில் கடல் ஏறும். கடல் ஏறினால், வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் என்ற கால்வாயில் சாக்கடை நீர் வெளியே போக வழியில்லாமல் திரும்பி வரும். மழையே தேவையில்லை. வானம் பளிச்சென்று இருக்கும்போதே பின் சந்தில் கணுக்கால் நனையும். அதனால் விவரம் தெரிந்த ஏஜெண்ட் யாரும் அந்த வீடுகளை அந்த நேரத்தில் காட்ட மாட்டார்கள். வேறொரு நாள், காலை வெயிலில், லோங்காங் வற்றிக் கிடக்கும்போது ஆட்களைக் கூட்டிப் போவார்கள். சாந்தமேரியும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தார். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நாள்காட்டியைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்.

அந்த வீட்டின் கேட் முன்னால் அவர் முதலில் நின்றபோது ஏஜெண்ட் இல்லை, வாடகைக்கு வீடு தேடி வந்தவர். பிரிக்பீல்ட்ஸில் அவரும் கணவர் ஸ்டானிஸ்லாஸும் குடியிருந்த பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு, கொண்டோமினியம் கட்டப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஸ்டானிஸ்லாஸுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சரிபார்க்கும் வேலை. கிள்ளானிலேயே வீடு கிடைத்தால் பாதி நாள் மிச்சம். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து சாந்தமேரி தொலைபேசியில் பேசினார். கான்வென்ட் ஆங்கிலம். பெயரைக் கேட்டதற்கு மேரி என்றார். மறுமுனையில் இருந்த வீட்டுக்காரர் பரமேஸ்வரனின் குரல் இளகியது; பேசுவது தமிழ்க் குடும்பம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்றைக்கே வந்து பாருங்கள், பிடித்திருந்தால் சாவி தருகிறேன் என்றார்.

மோட்டார் சைக்கிளில், நடுவில் ஐந்து வயது ஏமியை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். நெற்றியில் திருநீற்றோடு பரமேஸ்வரன் வெளியே வந்தார். மூவரையும் பார்த்தார். தாழ்ப்பாளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

“வீடு போயிருச்சு. இப்பதான்.”

“சார், காலையில தானே போன்ல பேசினோம்?” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நம்ம ஆளுங்களுக்குக் குடுக்கறதில்ல. ஒரு குடும்பம்னு வருவாங்க, பின்னாடியே ஊரே வந்து தங்கும். பக்கத்துல எல்லாம் சீனவங்க. நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்?”

அப்போது ஏமி அம்மாவின் சட்டையை இழுத்தாள். வெகு நேரமாக அடக்கிக்கொண்டு வந்தவள்.

“சார், புள்ளைக்கு அவசரம். ஒரு நிமிஷம் பாத்ரூம் மட்டும்...”

“முன்னாடி பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு.”

பெட்ரோல் நிலையம் வரைக்கும் பிள்ளை தாங்கவில்லை. அந்தக் கேட் முன்னாலேயே, சப்பாத்தும் காலுறையும் நனைய நின்று அழுதாள். பரமேஸ்வரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் கொண்டு வந்தது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிதான். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பயந்தாரோ, அதே ஆன்டி.

ஏமிக்கு இது எதுவும் நினைவில்லை. இப்போது கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். “ஐயோ மம்மி, எந்தப் புள்ளதான் நனைக்கல? இன்னுமா அதையே பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்பாள். சாந்தமேரி அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார், நினைப்பதை நிறுத்தவில்லை. காலம் காயத்தை ஆற்றும் என்பது ஓரளவுதான் உண்மை. சில காயங்களை நாமே ஆறவிடுவதில்லை. அவை ஆறிவிட்டால் நடந்தது பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறோம்.

அவர் வீடு விற்கும் தொழிலுக்கு வந்தது பழி வாங்குவதற்காக அல்ல, பிழைப்புக்காக. அந்தத் தொழிலில் அவர் ஒன்றும் புரட்சி செய்துவிடவில்லை. ‘சைனீஸ் ஒன்லி’ என்று போடச் சொன்ன வீட்டுச் சொந்தக்காரர்களின் விளம்பரங்களை அவரே தட்டச்சு செய்திருக்கிறார். மனம் ஒப்பாது, ஆனாலும் போடுவார். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்வது சரியாகாது.

சென்ற வருடம் ஒரு நாள், வீட்டை விற்றுத்தரச் சொல்லி அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. வீட்டு முகவரியைக் கேட்டதும் சாந்தமேரி காரை ஓரம் கட்டினார். ஓய்வு பெற்ற பிறகு பரமேஸ்வரன் அந்த வீட்டிலேயே குடியேறியிருந்தார். மனைவி புஷ்பவல்லிக்கு மூட்டு வலி. மகள் இருக்கும் சுபாங் ஜெயாவில், லிஃப்ட் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை முன்பணம் கட்டிப் பிடித்துவைத்திருந்தார். வருட முடிவுக்குள் இந்த வீடு விற்றால்தான் அது கைக்கு வரும்.

இந்த முறை கேட் அகலத் திறந்தது. “வாங்கம்மா, வாங்க” என்றார் பரமேஸ்வரன். முடி நரைத்திருந்தது, திருநீறு அதே இடத்தில் இருந்தது. சாந்தமேரியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய ஏஜெண்ட் அட்டைக்குத்தான் அந்தக் கேட் திறந்தது என்பது சாந்தமேரிக்குப் புரிந்தது, புரிந்ததும் எரிந்தது.

வேறு ஏஜெண்டிடம் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பரமேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க மேரி. நம்ம ஆளுங்க வேணாம். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் அங்கிள்” என்றார் சாந்தமேரி. “ரொம்ப நாளாவே தெரியும்.”

விளம்பரத்தை அவர் நன்றாகவே எழுதினார். பழைய கோட்டை, லிட்டில் இந்தியா, பாக் குட் தே சூப்புக் கடைகள், நண்டுக்குப் பேர்போன கேத்தாம் தீவுக்குப் படகு ஏறும் துறை எல்லாம் பக்கம் என்று போட்டு, கடைசியில் ‘கடலும் அருகில்’ என்று சேர்த்தார். கடல் எவ்வளவு அருகில் என்பதை நேரில் காட்டினார். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள் மாலையில் வாங்குகிறவர்களைக் கூட்டிவந்தார். முன் கூடம், அறைகள், கடைசியாகச் சமையலறையின் பின் கதவு. கதவைத் திறந்தால் சந்தில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும். பிறகு யாருக்காவது அவசரமாக வேறொரு வேலை நினைவுக்கு வரும்.

“காலையில கூட்டிட்டு வரலாமே மேரி?” என்று பரமேஸ்வரன் கேட்டுப் பார்த்தார்.

“எல்லாரும் வேலைக்குப் போறவங்க அங்கிள். ஆபீஸ் முடிஞ்சுதான் வர முடியும். ஏன், சாயங்காலத்துல ஏதாவது பிரச்சினையா?”

தண்ணீர் ஏறும் என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதை ஏஜெண்டிடமே மறைத்தல்லவா விற்கக் கொடுத்திருந்தார்.

ஒரு தடவை கணக்குத் தப்பியது. அம்மன் கோயில் தேர் அந்தச் சாலை வழியாக வரும் நாளும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தன. வோங் என்ற இளம் சீனத் தம்பதியை அன்று வரச் சொன்னார். உருமி மேளம் காதைப் பிளக்கும், சாலை அடைபடும், ஓடிப்போவார்கள் என்பது அவர் எண்ணம். அவர்களோ வாசலில் நின்று வீடியோ எடுத்தார்கள். “ஆன்டி, எவ்ரி இயர் கம்ஸ் ஆ? வீ கேன் வாட்ச் ஃப்ரம் அவர் போர்ச் லா!” என்று அந்தப் பெண் குதித்தாள். மற்றவர்களின் வெறுப்பை நம்பித் திட்டம் போட்டிருந்தார் சாந்தமேரி. அது அங்கே இல்லாமல் போனதில் அவருக்கு வந்தது ஏமாற்றம், மகிழ்ச்சி அல்ல. பழி ஓர் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. பின் கதவைத் திறந்து காட்டினார். அந்தப் பெண்ணின் வெள்ளைச் சப்பாத்து நனைந்தது. “யூ ஸோ ஹானஸ்ட், ஆன்டி. தேங்க்யூ ஆ” என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் திரும்பி வரவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஸ்டானிஸ்லாஸ் ஆரம்பித்தார்.

“என்ன மேரி, அமாவாசை விரதம் முடிஞ்சு பௌர்ணமி விரதமா? அடுத்து காவடி எடுப்பியா?”

“எடுப்பேன். நீங்க பால்குடம் தூக்குங்க.”

“அந்தாளு வீடு விக்காமக் கெடந்தா உனக்கு என்ன கெடைக்கும்?”

“எனக்கு ஒண்ணும் கெடைக்க வேணாம். அவருக்குக் கெடைக்கக் கூடாது.”

“பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட இதைச் சொல்லுவியா?”

“பொய் சொன்னாத்தானே பாவம்? தண்ணி பொய்யா?”

தண்ணீர் பொய்யில்லைதான். ஆனால் பொய் சொல்லாமல் இருப்பது வேறு, நேர்மை வேறு. நம்பி ஒப்படைத்தவரின் வீட்டை அவர் உண்மையைக் கொண்டே கவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியும்.

வருடம் முடியும் நேரத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது. வீடு விற்காவிட்டால் அது பரமேஸ்வரனிடமே இருக்கும், வாசல் கேட்டும் அவர் கையிலேயே இருக்கும். அது பாதிப் பழிதான். மீதிப் பாதிக்கு அவர் லோகனைத் தேடிப் போனார்.

லோகன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். மனைவி மாதவி, தாயார், மூன்று பிள்ளைகளோடு பண்டமாரானில் வாடகைக்கு இருந்தார். நல்ல வீடு கேட்டுப் போன இடங்களிலெல்லாம் ‘வீடு போயிருச்சு’ கேட்டவர். இப்போது வங்கிக் கடன் கிடைத்திருந்தது. தண்ணீரைப் பற்றி சாந்தமேரி ஒளிக்காமல் சொன்னார். முதல் நாளே பின் சந்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் படிந்திருந்த கறையையும் காட்டினார்.

மாதவி சிரித்தார். “இவ்வளவுதானாக்கா? எங்க வீட்டுல ஃபிரிஜ்ஜே செங்கல்லு மேலதான் நிக்குது. சொந்த வீடுன்னா தரையை ஏத்திப் போட்டுக்கலாம். வாடகை வீட்டுல யாரு ஏத்துவா?”

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் மாலை குடும்பத்தோடு வரச் சொன்னார். பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, லோகனின் கடைசி மகள் தாமரைக்கு இருப்பதிலேயே பெரிய கோப்பையில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். “மிச்சம் வைக்கக் கூடாது, சரியா?” என்றார். பிள்ளை நன்றியோடு உறிஞ்சியது. சாந்தமேரி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காரை ஓட்டினார்.

பரமேஸ்வரன் கேட்டுக்கு வந்தார். லோகன், மாதவி, தாயார், பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். தாழ்ப்பாளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. சாந்தமேரிக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும்.

“மேரி, ஒரு நிமிஷம். நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“வேற யாரும் இல்ல அங்கிள். வந்தவங்க எல்லாரும் பின்னாடி பார்த்துட்டு ஓடிட்டாங்க. இவங்க பின்னாடி பார்த்துட்டுத்தான் வந்திருக்காங்க. சுபாங் ஜெயா வீடு இந்த மாசத்தோட போயிரும், இல்ல?”

தாமரை அம்மாவின் கையை இழுத்தாள். “அம்மா, ஒண்ணுக்கு வருது.”

“அங்கிள், புள்ளைக்கு அவசரம்” என்றார் சாந்தமேரி, ஒவ்வொரு சொல்லாக. “முன்னாடி பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு. அனுப்பிடவா?”

பரமேஸ்வரன் விழித்தார். அந்தச் சொற்கள் அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை. கடைசியில் சாந்தமேரி தானே சொல்ல வேண்டியதாயிற்று. மோட்டார் சைக்கிள், போனில் மேரி, இந்தக் கேட், அழுத பிள்ளை. சொல்லும்போது வரிசை குழம்பியது. இத்தனை வருடம் ஒத்திகை பார்த்ததில் ஒரு முறையும் குழம்பியதில்லை.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். “அப்பெல்லாம் நிறைய பேரு வந்தாங்கம்மா. எல்லாரையும் அப்படித்தான் அனுப்பினேன். நீங்க யாருன்னு...”

அதில் கேலியோ சவாலோ இல்லை. சாந்தமேரி தனக்கென்று வைத்துக் காத்த அவமானம் அவருக்கு அன்றாட வேலை. பழி வாங்குகிறவருக்கு எதிராளியின் ஞாபகம் தேவைப்படுகிறது. அது இல்லையென்றால் வீசிய கல் சுவரில் படாமல் போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு சாந்தமேரி சொன்னார். “அப்ப எல்லாருக்கும் சேர்த்தே வெச்சுக்கங்க அங்கிள்.”

உள்ளேயிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது. “என்னங்க இது, புள்ளைய வாசல்ல நெளிய விட்டுட்டு! கேட்டைத் தொறங்க!”

கேட் திறந்தது. தாமரை பாய்ந்து ஓடினாள். மற்றவர்கள் நுழைந்து கூடத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வெளியே வந்து எல்லாரும் கேட்கச் சொன்னாள்: “பாத்ரூம்ல தண்ணி போகல. மேல மேல வருது.”

கடல் ஏறும் மாலையில் அந்த வீட்டுக் கழிவறை அப்படித்தான். வாளி வாளியாக ஊற்றித் தள்ளினால்தான் இறங்கும். பரமேஸ்வரன் யாரையும் பார்க்காமல் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். குழாயடியில் வாளியை வைத்தார்.

“குடுங்க அங்கிள், நான் ஊத்தறேன்” என்று லோகன் கிட்டப் போனார்.

“இருப்பா லோகன்” என்றார் சாந்தமேரி. “அங்கிளே ஊத்தட்டும்.”

வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி, இப்போது முதுகு கூனியவர், ஆள் அரவம் கேட்டு வேலியோரம் வந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் கையசைத்தார்.

“ஹோ, மெனி சில்ரன்! ஹவுஸ் சோல்ட் ஆல்ரெடி ஆ?”

பரமேஸ்வரன் வாளியைத் தூக்கியபடி நின்றார். சாந்தமேரி அவரைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“சோல்ட்” என்றார் பரமேஸ்வரன். சொல்லிவிட்டு, தண்ணீர் சிந்தச் சிந்தக் கழிவறைக்கு நடந்தார்.