சந்தன மாலைக்குக் கீழிருந்த பெயர்

அப்பா ஏன் அப்படி எழுதினார்? அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றி, வெள்ளவத்தையில் எங்களை வளர்த்தவர் அப்பா. எவரையும் கடிந்து பேசாதவர். அதிகம் விற்பனையான பாடல்களுக்காக இசைத்தட்டுக் கம்பனிகள் பாடகர்களுக்கு வழங்கும், சட்டமிட்ட தங்கநிறத் தட்டுகளைச் சேர்ப்பதே அவருடைய ஒரே ஆசை. மருதானைப் பழைய சாமான் கடைகளில் தேடி ஐந்து சேர்த்தார். ஆறாவதை ஒரு நண்பர் அன்பளிப்பாகத் தந்தார் என்பார். கலவரத்தில் வீடு எரிந்தபோது ஆறையும் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

"தட்டெல்லாத்தையும் தூக்கினவர், என்ர நகைப்பெட்டியைத் தூக்கேல்லை" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆறாவது தட்டை மட்டும் துடைக்க விடமாட்டார். அதன் கீழ்ப்பகுதியை மறைத்து எப்போதும் ஒரு சந்தன மாலை தொங்கும். பக்தி என்று நினைத்திருந்தேன். செத்தவீட்டன்று அப்பாவின் படத்துக்கு மாலை தேடியபோது, அதையே கழற்றிப் போட்டேன்.

துக்கம் விசாரிக்க ஒரு பாடகரின் மனைவி வந்தார். இந்தியாவிலிருந்து அண்மையில்தான் திரும்பியிருந்தார். தட்டின் கீழிருந்த பித்தளைத் தகட்டை வாசித்தார். அதில் அவருடைய கணவரின் பெயர்.

"பிள்ளை, இது கலவரத்தில எரிஞ்சு போச்செண்டெல்லோ உங்கட அப்பா எனக்குக் கடிதம் போட்டவர்?"

கணவரின் வைத்தியத்துக்காக இருவரும் இந்தியா போகும்போது, பத்திரமாக வைத்திருக்கும்படி அப்பாவிடம் கொடுத்தார்களாம். கணவர் அங்கேயே காலமானார்.

"அந்தக் கடிதத்தை வாசிச்சு, அவருக்காக ரெண்டாம் தரம் அழுதனான்" என்றார். தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த உங்களில் பலர் இதைப் பார்த்தீர்கள். கதை பலவிதமாக உலவுவதால், இந்த நினைவு மலரில் நானே எழுதுகிறேன். எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. ஆனால் போர்வைக் கதையைக் கேட்டுப் பெருமைப்பட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதைக்குள்ளேயே அப்பா இதை ஒளித்து வைத்திருந்தாரே என்பதுதான் ஆறவில்லை.

"தட்டைத் திருப்பிக் குடுத்தால் அவரைக் கள்ளனெண்டு நாங்களே சொல்லுற மாதிரி" என்கிறார் அம்மா. இக்கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

போன மாதம் என் நாலு வயது மகள் மொண்டிசோரியிலிருந்து யாருடையதோ பென்சில் அழிறப்பரைக் கொண்டுவந்தாள். அழ அழக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கிய அந்தத் தட்டைக் காட்டி, "அது அம்மப்பான்ர தானே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

செத்தவீட்டிலும் கிரியைகளிலும் தோள்கொடுத்த உறவினர், அயலவர், அப்பாவுடன் பணியாற்றியோர் அனைவரையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

இம்மலரின் ஒரு பிரதியை அந்த அம்மையாருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் கொண்டுபோவதா, தட்டையும் கொண்டுபோவதா? அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சுவரிலிருந்து இறக்குவது? அப்பாவை அறிந்தவர்கள் நீங்கள். சொல்லுங்கள்.