சாகப்போகிற பூனைக்கு மட்டும் இடம்

பூனை எங்கள் வீட்டுக்கு ஒரு டிபன் பையில் வந்தது. என் கணவர் அப்போது பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து இரும்புச் சுருள் விழுகிற தட்டுக்குக் கீழே அது கிடந்ததாம். உடம்பெல்லாம் எண்ணெயும் கரியும் அப்பி, தலை எது வால் எது என்று தெரியாத கோலத்தில் இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். ஒரு நாள் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்த எதுவும் ஒரு நாளில் போனதில்லை. அவருடைய தங்கையும் அப்படித்தான் வந்தாள், மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெங்களூரில் தெருவுக்குத் தெரு செல்போன் கடை முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் பிறந்து வளர்ந்தது ஜீவனஹள்ளியில். கல்யாணத்துக்குப் பிறகு அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். தூரம் கொஞ்சம்தான், அந்தஸ்து அதிகம் என்று என் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அந்தஸ்துக்காக நாங்கள் விட்டுக்கொடுத்தது கறியும் மீனும். வெளியே எதை வேண்டுமானாலும் தின்றுகொள்ளலாம், மாடியில் சமைக்கக் கூடாது, வளர்ப்புப் பிராணி எதுவும் கூடாது என்று ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஓனர் செக்ரடேரியட்டில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவர். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகம். எங்களிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போவார், மறுப்பதாக இருந்தால் இங்கிலீஷ். பூனை விஷயத்தை இங்கிலீஷில்தான் பேசினார். பர்மிஷன் கிடையாது, ஒரு வாரம் டைம், அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். போகிறபோக்கில், அதுவும் கறுப்புப் பூனை என்று தமிழில் முனகினார். அது கறுப்பு இல்லை, தேய்த்துக் குளிப்பாட்டினால் வெள்ளை என்று சொன்னேன். நிறத்தை வைத்து முடிவு மாறாது என்றார்.

உண்மையில் ரூல் அவருடையது இல்லை, ஓனரம்மாவுடையது என்பது என் கணிப்பு. நைவேத்தியத்துக்கு வைத்த பாலைத் தெருப் பூனைகள் குடித்துவிட்டுப் போவதில் அந்தம்மாவுக்குப் பூனை இனத்தின் மேலேயே பல வருஷப் பகை இருந்தது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறுவதே இல்லை. கீழேயிருந்து குரலாலேயே மாடியை ஆண்டுகொண்டிருந்தார்.

அந்த ஒரு வாரத்துக்குள் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. ஈறு வெளுத்துப்போய், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி மெயின் ரோட்டில் ஒரு கார் ஷெட்டை கிளினிக்காக மாற்றிப் புதிதாக ஒரு கால்நடை டாக்டர் வந்திருந்தார், சின்ன வயசுப் பெண். மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்காததால், கொஞ்சம் ரத்தம் எடுத்து அப்போதுதான் வரவழைத்திருந்த ஒரு கிட்டில் விட்டார். ஒரு கோடு என்றால் ஒன்றுமில்லை, இரண்டு கோடு என்றால் வியாதி இருக்கிறது என்று சொல்லிக் காத்திருக்க வைத்தார்.

கோடு பார்ப்பதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். கல்யாணமாகி ஆறு வருஷம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கிட் ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கோட்டையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக என் கண் முன்னால் இரண்டாவது கோடு மெதுவாக எழுந்து வந்தது. பூனைக்கு லுகேமியா வைரஸ். டாக்டர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தைக் கெடுக்கும், புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம், தீர்க்கிற மருந்து கிடையாது, வேறு பூனைகளோடு சேர விடக் கூடாது. நான் முதலில் சிரித்தேன். டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் அழுதேன். ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த ஒரு லாப்ரடார் எழுந்து வந்து என்னை முகர்ந்து பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

வீட்டு வாசலில் ஓனர் நின்றுகொண்டிருந்தார். அன்றோடு கெடு முடிகிறது. மறைக்கத் தெம்பில்லாமல், இதுக்கு பிளட் கேன்சர் மாதிரி ஒரு வியாதி சார் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுஷர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டாது. நாய்க்கு? ஒட்டாது. பால்காரருடைய மாட்டுக்கு? ஒட்டாது. கேட்பதற்கு வேறு பிராணி கிடைக்காமல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சாகப்போற ஜீவனை வெளியே தள்ளின பாவம் இந்த வீட்டுக்கு வேண்டாம்மா. முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்.

சில பூனைகளுக்குச் சில மாதம், சில பூனைகளுக்குச் சில வருஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மாதத்தை மட்டும் சொன்னேன்.

இப்படித்தான் அந்த வீட்டில் அதற்கு இடம் கிடைத்தது. நன்றாக இருந்த குட்டிக்கு ஒரு வாரம், நோய் வந்த குட்டிக்குக் கெடுவே இல்லை. வியாதியைக் காட்டித்தான் அது குடியிருந்தது. அந்த வியாதியை நான் நாள் முழுக்கத் திட்டினேன், நடுநடுவே அதற்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

அடுத்த சிக்கல் சாப்பாடு. தயிர் சாதத்தில் இது தேறாது, மீன் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் மீனா? ஓனரிடம் போய் நின்றேன். நன்றாக யோசித்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து, மருந்தில் சைவம் அசைவம் பார்க்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். டாக்டரும் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார்: வேகவைத்த மீன், உப்பில்லாமல், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. ஓனர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, மொட்டை மாடியில் தனி ஸ்டவ்வில்தான் வேகவைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பூசணிக்காய் சாம்பாரோடு உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் பூனை மத்தி மீன் சாப்பிடும். என் கணவர் அதன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எனக்குக்கூட ரெண்டு நாளா உடம்பு ஒரு மாதிரியாத்தான் கீது, அந்த டாக்டரம்மாவாண்ட சொல்லிப் பாரேன்" என்றார்.

நாங்கள் பூனைக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் பிறகு அந்தப் பேரைச் சொல்லி அழ வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம். ஓனர் அதை 'கேஸ்' என்றார். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் படியேறி வருவார். கேஸ் எப்படி இருக்கு என்று கேட்பார். அப்படியேதான் இருக்கு சார் என்பேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார்.

காலையில் அவருக்கு இன்னொரு உத்தியோகம் சேர்ந்தது. வேறு பூனைகள் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, மாடிப்படியின் அடியில் நாற்காலி போட்டு, பேப்பரும் கையுமாக, மடியில் குடையோடு உட்கார்ந்துவிடுவார். சுவர் மேல் ஒரு வால் தெரிந்தால் போதும், குடை விரியும். தெருப் பூனைகளின் நன்மைக்காகத்தான் விரட்டுகிறேன் என்று எதிர்வீட்டுக்காரரிடம் விளக்கினார்.

ஆனால் கேஸ் அப்படியே இருக்கவில்லை. மீனும் மருந்துமாக ஈறு சிவந்தது, வயிறு உருண்டது. திரைச்சீலையைப் பிடித்து ஏறிப் பரண் மேலிருந்து எங்கள் மேல் குதித்தது. ஓனரின் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் அதைப் பிடித்து, ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொள்வேன். அதற்கோ மடி என்றால் உயிர். மாவு மில் ஓடுகிற மாதிரி குர்குர் என்று ஆரம்பித்துவிடும். மூச்சு வாங்குது சார் என்பேன். ஐயோ பாவம் என்பார். சர்க்காரில் அத்தனை வருஷம் ஃபைல் பார்த்தவர் இவ்வளவு அப்பாவியாக இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சில குட்டிகளுக்கு உடம்பே அந்த வைரஸை விரட்டிவிடுவது உண்டாம். அந்த நாளும் நெருங்கியது. பாசிடிவ் என்றால் பூனை போய்விடும். நெகடிவ் என்றால் பூனை போக வேண்டும். எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. "நல்லாயிட்டா வேற வூடு பாத்துக்கலாம், அதுக்கு இன்னா இப்ப" என்றார் என் கணவர். நான் புரோக்கரிடம் கேட்டுப் பார்த்தேன். பூனையோடு வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலே பக்கம் போனால் ஏதாவது கிடைக்கலாம் என்றார் அவர்.

டெஸ்டுக்கு ஓனரும் கூட வருவதாகச் சொன்னார். வாய்மொழித் தகவலை அவர் ஏற்றுக்கொள்வதில்லையாம், டாக்டர் வாயாலேயே கேட்க வேண்டுமாம். காய்கறிக் கூடையில் பூனையை வைத்து மேலே துப்பட்டாவைக் கட்டி ஆட்டோவில் ஏறினோம். குலுங்குகிறது என்று கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்கத் துப்பட்டா இடுக்கிலிருந்து ஒரு வெள்ளைக் கால் வெளியே வந்து அவருடைய சட்டைப் பித்தானை இழுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு தெம்புள்ள காலை அவர் பார்க்கக் கூடாதே என்று நான் ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் காட்டிப் பேசிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். மூன்று பேரும் கிட்டைச் சுற்றிக் குனிந்து நின்றோம். ஒரு கோடு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம், அந்த ஒரு கோடு மட்டும்தான். என் வாழ்க்கையில் ஒற்றைக் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகுதான் ஓனர் பக்கத்தில் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது.

ஓனர் என்னைப் பார்க்கவில்லை. இந்த டெஸ்ட் தப்பாகவும் இருக்கலாம் இல்லையா என்று டாக்டரிடம் கேட்டார். தப்பாக இருக்க வாய்ப்பு கொஞ்சம்தான், ஆனாலும் முழு நிச்சயம் வேண்டுமென்றால் வெளியூர் லேபுக்கு ரத்தம் அனுப்பி வேறு மாதிரி ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்றார் டாக்டர். அப்படியென்றால் இது இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை என்றார் ஓனர். ஒரு விதத்தில் ஆகவில்லைதான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஓனரின் முகம் தெளிந்தது. கூடையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"கன்ஃபர்ம் ஆகாத விஷயத்தைக் கீழே போய்ச் சொல்லக் கூடாதும்மா" என்றார். "வீட்ல அவளுக்குத் தெரிஞ்சது பழைய ரிப்போர்ட். அதுவே இருக்கட்டும். அந்த இன்னொரு டெஸ்ட் பெண்டிங்ல இருக்கட்டும்."

திரும்பி வரும்போதும் ஆட்டோவில் கூடை ஓனர் மடியில்தான் இருந்தது. வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில், கூடையைப் பார்த்தபடியே, "இனிமே அந்தத் துண்டு வேண்டாம்மா, வெயில் காலத்துல அதுக்குப் புழுங்கும்" என்றார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த டெஸ்ட் பெண்டிங்கிலேயே இருந்தது. பூனை வளர்ந்து, பழைய காய்கறிக் கூடையில் அடங்காத சைஸுக்கு வந்தது. ஓனர் தினமும் சாயங்காலம் வந்தார். வாசலில் நின்று கீழே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்பார், நானும் கீழே கேட்கிற மாதிரி உரக்க, அப்படியேதான் இருக்கு சார் என்பேன். அதற்குள் கேஸ் அவர் தோளில் ஏறி உட்கார்ந்து அவருடைய காதை நக்கிக்கொண்டிருக்கும். அவரைப் போல ஒரு ஃபைலை நேசித்தவர் சர்க்காரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு வருஷம் ஓனருக்குக் கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் நடந்தது. படி ஏறக் கூடாது, குனியக் கூடாது என்று கட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வருகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஓனரம்மா, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, மூச்சு இரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். நாங்கள் குடிவந்த பிறகு அந்தம்மா மாடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. எனக்கு உயிரே போய்விட்டது. பழக்கதோஷத்தில் துண்டைத் தேடினேன், அது எப்போதோ கரித்துணியாகிவிட்டிருந்தது. பூனை கட்டில் நடுவில் மல்லாந்து, நாலு காலையும் விரித்து, உருண்டை வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓனரம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பூனையை வெகு நேரம் பார்த்தார். எப்படி இருக்கு என்று கேட்டார். அப்படியேதான் இருக்கும்மா என்றேன்.

"அந்த மனுஷர் கண்ணைக் கட்டிப் படுத்துக்கிட்டு கேஸ் என்ன ஆச்சு, கேஸ் என்ன ஆச்சுன்னு அரிச்சு எடுக்கறார்" என்றார். "இவ்வளவு நல்லா இருக்குன்னு போய்ச் சொன்னா, அவருக்கு ரூல்னா ரூல்தான், வெளியே அனுப்புன்னு ஆரம்பிச்சிடுவார். கொஞ்சம் மெலிஞ்சிருக்குன்னு சொல்லிடறேன். நீயும் அப்படியே சொல்லும்மா."